மேட்டுல ஏறுனா உண்டியல் குலுங்குது!

கேள்வி: சார் வணக்கமுங்க, நான் மேட்டுப்பாளையத்துல ஸ்கூல் டீச்சர். எங்க வீட்ல 2014 மாடல் பெட்ரோல் கார் இருக்கு, 86,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. வார நாள்ல ஸ்கூலுக்கு 3 கிலோமீட்டர் போய் வர்றதோட சரி, ஞாயித்துக்கெழம மட்டும் கோத்தகிரி அம்மா வீட்டுக்கு போவோம். ரெண்டு மாசமா மேட்டுல ஆக்சிலேட்டர மிதிச்சா உண்டியல குலுக்குற மாதிரி கிணிகிணின்னு சத்தம் வருது, கால எடுத்தா உடனே நின்னுடுது. கீழ ஏற ஆரம்பிக்கிறப்பதான் ஜாஸ்தி, கோத்தகிரி நெருங்க நெருங்க கொறஞ்சுடுதுங்க. மூணு மாசம் முன்னாடி பிளக் மட்டும் வெளிக்கடைல மாத்துனோம். ஒரு மெக்கானிக் டேப்பட் சத்தம்ங்கிறார், இன்னொருத்தர் இன்ஜின எறக்கணும், 45,000 ஆகும்ங்கிறார். வீட்டுக்காரர் எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைன்னு சொல்றார். யார் சொல்றது சரிங்க?

பதில்: டீச்சர், எனக்கு மூணுமே ஒட்டல. டேப்பட்டா (வால்வ தட்டித் தொறக்குற பாகம்) இருந்தா வண்டி சும்மா நின்னு ஓடும்போதே டிக்டிக்குன்னு கேக்கணும், மேட்டுக்காக காத்திருக்காது. இன்ஜின எறக்குற அளவுக்கு கனெக்டிங் ராடு (பிஸ்டன கிராங்க்கோட சேக்குற தண்டு) பேரிங் போயிருந்தா சத்தம் கிணிகிணின்னு வராது, உள்ள சுத்தியல்ல அடிக்கிற மாதிரி கனமா டொக்கு டொக்குன்னு வரும், அப்படி கேட்டா அந்த எடத்துலயே வண்டிய ஆஃப் பண்ணிடணும், ஆனா உங்களுது அது இல்ல.

நீங்க போற போக்குல எழுதுன ஒரு வரிலதான் விஷயமே இருக்கு, மேல போகப் போக கொறையுதுன்னு சொன்னீங்கல்ல. மேட்டுப்பாளையம் அடிவாரம், வெக்கையான ஊரு, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஒசரம், அங்க காத்து குளிர்ச்சி, அடர்த்தியும் கம்மி, அதனால சிலிண்டருக்குள்ள அழுத்தமும் சூடும் ரெண்டுமே கொஞ்சம் எறங்கிடும். அழுத்தமும் சூடும் கொறைஞ்சா அடங்குற சத்தம்னா அது நாக்கிங்தான். பிளக் நெருப்பு போட்டு தீ ஒரு பக்கத்துலேந்து பரவிட்டு வர்றதுக்குள்ள மூலைல மிச்சமிருக்குற பெட்ரோல் காத்து கலவை சூடு தாங்காம தானா வெடிச்சிடும், அந்த அதிர்வு சுவத்துல மோதுறதுதான் உங்க உண்டியல் சத்தம். (இத அடக்கத்தான் ஒரு காலத்துல பெட்ரோல்ல ஈயம் கலந்தாங்க, 1921-ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபுடிச்ச வித்தை அது, நம்ம நாட்ல 2000-ல தான் முழுசா நிறுத்துனாங்க.)

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, எத்தனால் கலந்தா ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங் ஆகாம எவ்வளவு தாங்கும்னு காட்டுற நம்பர்) ஏறும், எறங்காது. முன்ன சாதா பெட்ரோல் 91 ஆக்டேன், இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்ததுக்கு 95. மைலேஜ் கொறையுது, பழைய வண்டில ரப்பர் ஓஸ் கெடுதுன்னு அவர் சொன்னா நான் மறுக்கமாட்டேன், ஆனா நாக்கிங்குக்கு அது மேல பழி போட முடியாது.

செலவில்லாததுலேந்து ஆரம்பிங்க. வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல வச்சு ரேஸ் குடுங்க. அப்பவும் ஏதாவது ஒரு ரேஸ்ல தகரம் அதிர்ற மாதிரி கேட்டா சைலன்சர் மேல இருக்குற ஹீட் ஷீல்டு தகடு லூசா இருக்கலாம், இன்ஜின் ஆறுன பெறகு கையால தட்டிப் பாத்தாலே தெரியும். நானே ஆரம்ப காலத்துல இந்த தகடு சத்தத்துக்கு ஒருத்தர் வண்டிய ரெண்டு நாள் பிரிச்சு போட்டு உக்காந்திருக்கேன், கடைசில ஒரு போல்ட்டு. நியூட்ரல்ல சத்தமே வரலன்னா நாக்கிங் பக்கம்தான்.

அடுத்து அந்த பிளக்க கழட்டி அதுல இருக்குற நம்பரும் வண்டி புக்குல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. சூடு அதிகம் புடிச்சு வைக்கிற பிளக்க மாத்தி போட்டுட்டா இப்படித்தான் ஆகும், பிளக் மாத்தி கொஞ்ச நாள்லயே சத்தம் வந்திருக்கு, அதனால என் சந்தேகம் மொதல்ல அது மேலதான். கூலன்ட் அளவு இருக்கா, ரேடியேட்டர் ஃபேன் ஓடுதான்னும் பாத்துடுங்க. பிளக் சரின்னா கார்பன். தெனம் 3 கிலோமீட்டர் ஓட்டுனா இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஸ்கூல் வந்துடும், பிஸ்டன் தலைல கரி படிஞ்சு உள்ள எடம் கொறையும், அழுத்தம் ஏறும்.

உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. டேங்க் காலியாகுற சமயம் 100 ஆக்டேன் பெட்ரோல் கெடைக்கிற பம்புல ஒரு 10 லிட்டர் போட்டு அதே ரோட்ல அதே கியர்ல ஏறிப் பாருங்க. பிரீமியம்னு சொன்னா நம்பாதீங்க, நம்பர கேளுங்க, 95-னா இப்ப சாதாவும் அதேதான். சத்தம் கொறைஞ்சா நோய் தெரிஞ்சுடுச்சு, ஆனா தெனம் அத ஊத்துறது வைத்தியம் இல்ல. அப்பறம் ஸ்கேனர் போட்டு நாக் சென்சார் (நாக்கிங்க உணர்ற கருவி) கெட்டிருக்குன்னு ஃபால்ட் கோட் வருதான்னு பாக்க சொல்லுங்க, ஏன்னா சென்சார் ஒழுங்கா இருந்தா வண்டி கம்ப்யூட்டரே டைமிங்க (பிளக் நெருப்பு போடுற நேரத்த) கொஞ்சம் தள்ளிப் போட்டு இத அடக்கணும். அதுவரைக்கும் 30 கிலோமீட்டர் வேகத்துல நாலாவது கியர்ல மேட்டுல இழுக்காதீங்க, ரெண்டுக்கு எறக்குங்க, இன்ஜின் கொஞ்சம் கத்தட்டும் பரவால்ல.

கேள்வி: டீசல் கார், பிக்கப் குடுத்தா உஸ்ஸுன்னு காத்து போற சத்தம், கருப்பு புகை, இழுவையும் இல்ல. டர்போ போயிடுச்சா? (வாசகர், திருப்பூர்)

பதில்: டர்போ (இன்ஜினுக்கு காத்த அழுத்தி அனுப்புற விசிறி) மாத்துறதுக்கு முன்னாடி அதுலேந்து இன்டர்கூலருக்கு (அந்த காத்த குளிர வைக்கிற பாகம்) போற ஓஸ விரல் விட்டு தடவிப் பாருங்க தம்பி, கீழ்ப்பக்கம் எண்ணெய் கசிவு தெரிஞ்சா அங்கதான் வெடிப்பு, இல்ல கிளாம்ப் லூசு. காத்து வெளிய போயிடுது, டீசல் மட்டும் போகுது, அதான் கருப்பு புகை. இன்ஜின் ஆறுன பெறகு கைய வைங்க.

கேள்வி: 60-க்கு மேல ஊஊன்னு சத்தம், இன்ஜினா? (வாசகர், கரூர்)

பதில்: காலி ரோட்ல 60-ல கிளட்ச மிதிச்சு ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்துடுங்க. அப்பவும் ஊஊன்னா இன்ஜின் இல்ல, வீல் பேரிங் இல்லன்னா டயர்.