பால்கனியில் நின்றால் போதாதா, டாக்டர்?

கேள்வி: வயது 41. பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கே மூளை மரத்துப்போகிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். "மரமெல்லாம் பூத்திருக்கு, கொஞ்சம் வெளியே போய்ட்டு வாங்க" என்கிறார் மனைவி. பால்கனியே போதாதா? போனால் எவ்வளவு நேரம்?

பதில்: எதிரே மரம் இருந்தால் பால்கனியை ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆனால் அல்சூரில் பல பால்கனிகளுக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதானே காட்சி!

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் களைத்திருப்பது உங்கள் கவனம். மீட்டிங், மெயில் என்று நாள் முழுக்க இழுத்துப் பிடித்தால் அது தளரும். தளர்ந்தால் எரிச்சல் வரும். இலை அசைவதும் நிழல் நகர்வதும் நாம் முயலாமலே கண்ணை இழுக்கின்றன, அந்த நேரத்தில் கவனம் ஓய்வெடுக்கிறது என்பது ரேச்சல், ஸ்டீபன் கேப்லன் என்ற உளவியலாளர்களின் விளக்கம். அதனால் காதில் இயர்ஃபோனோடு ஆபீஸ் கால் பேசிக்கொண்டே 10,000 ஸ்டெப் நடப்பது உடம்புக்கு நல்லதுதான்; மூளைக்கு அதுவும் ஒரு மீட்டிங்.

பருவத்துக்கும் பங்குண்டு. மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டது இது: வசந்தத்தின் இதமான நாளில் அரை மணிக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு மனநிலையும் நினைவாற்றலும் மேம்பட்டிருந்தன. கோடையில் வெப்பம் ஏற ஏற மனநிலை இறங்கியது. ஆக, மாசி, பங்குனியை விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் வெயிலில் மதியம் நடந்து பலன் தேட வேண்டாம்.

நேரக் கணக்கு? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையில் கழித்தவர்களில், மற்றவர்களைவிட அதிகம் பேர் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சிலா, பிரித்தா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. வாரநாளில் இரண்டு நாள் அல்சூர் ஏரிக்கரையில் அரை மணி, ஞாயிறு ஒரு மணி நேரம் கப்பன் பார்க். மெட்ரோவில் மூன்றே ஸ்டேஷன்; ஞாயிறன்று உள்ளே வண்டிகளும் ஓடாது. தபேபூயா மரத்தின் பூக்கள் இதழ் இதழாகச் சிதறாமல் முழுக் குழலாகவே விழுந்து புல்லை ரோஸ் நிறமாக்கியிருக்கும். போனைப் பையில் போட்டுவிட்டு அங்கேயே உட்காருங்கள். நடந்தே தீரவேண்டும் என்றில்லை.

முடிந்தால் காலையில் போங்கள். லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் வீட்டு விளக்கு சில நூறுதான்; மேகமூட்டமான காலையிலும் திறந்தவெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். உடம்பின் கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும், இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். வைட்டமின் டி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கான புற ஊதாக் கதிர் உச்சிப்பொழுதை ஒட்டித்தான் அதிகம்.

இழுப்பு, தும்மல் உள்ளவர் என்றால் பார்த்தீனியம் களை மண்டிய காலி மனைப் பக்கம் போக வேண்டாம். அப்புறம், சில வாரம் இப்படிச் செய்தும் சோர்வு அப்படியே இருந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். எதிலும் ஆர்வமில்லாமல் மனம் இருண்டே கிடந்தால் பார்க்கை நம்பி நாள் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.