நெஞ்சு வலி வந்தால் வாயுவா, மாரடைப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் யாருக்கோ வலி வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தோம்.

2023 மார்கழி. விடியற்காலை கோலம் போடப் போன அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி என்று சொல்லவே இல்லை. "தாடை கடுக்குது, வயித்தைப் பிரட்டுது" என்றார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலிக்காமலேகூட மாரடைப்பு வரலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ஆறு மணிக்குத் தெருமுனை கிளினிக்குக்கு, ஐயோ, நடத்தியே கூட்டிப்போனோம். ஈசிஜி எடுக்காமலே "கேஸ்தான்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது அந்தப் பனியிலும் அம்மாவின் ரவிக்கை பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது. விரல் இடுக்கில் கோலமாவு கரைந்து ஒட்டியிருந்தது. அந்த வியர்வையைப் பார்த்த எதிர்வீட்டு அக்காதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கச் சொன்னார்.

அங்கே ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்த கையோடு, தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் தரும் 14 மாத்திரைகளைச் செவிலியர் அம்மாவின் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்: ஆஸ்பிரின் 2, கிளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. அப்புறம் 108-இல் பெரியாஸ்பத்திரி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட். வழியில் பெயின்ட்கூட அடிக்காத வேகத்தடைகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரெச்சர் தூக்கிப்போட்டது.

நான் டாக்டர் இல்லை. "ஏப்பம் விட்டாலும் ஈசிஜியா?" என்று கேட்பவர்கள் கேளுங்கள். தாடை, தோள், இடது கை, மேல்வயிறு எங்கே வலித்தாலும் கூடவே வியர்த்துக் கொட்டினால், ஆமாம், ஈசிஜிதான். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லையா? மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், பிரஷர் இறங்கியிருந்தால் ஆபத்து.

அம்மா இருக்கிறார். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது. நாலு புள்ளிக் கோலத்துக்கே நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.