குங்ஃபூ நாயகிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘எண்டர் தி டிராகன்’ படத்தைச் சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். சின்ன வயதில் கவனிக்காததெல்லாம் இப்போது உறுத்துகிறது. கறுப்பின வீரராக வரும் ஜிம் கெல்லியைப் பாதியிலேயே கொன்றுவிடுகிறார்கள். புரூஸ் லீயின் தங்கை கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டுச் செத்துப்போகிறாள். அந்தக் காலக் குங்ஃபூ படங்கள் எல்லாமே ஆண்களின் படங்கள்தானே? பெண்களுக்கு இடம் கிடைத்ததெல்லாம் மிகப் பிற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜிம் கெல்லி பற்றி நீங்கள் சொல்வது சரி. அவர் நிஜமாகவே கராத்தே சாம்பியன். படத்தில் அவர் சாக, வெள்ளையரான ஜான் சாக்ஸன் கடைசிவரை நிற்கிறார். அடுத்த ஆண்டே, 1974ல், அதே இயக்குநர் ராபர்ட் க்ளவுஸ் கெல்லியைக் கதாநாயகனாக்கி ‘பிளாக் பெல்ட் ஜோன்ஸ்’ எடுத்தார் என்பது ஓர் ஆறுதல்.

தங்கை விஷயத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. அந்த நடிகை ஏஞ்சலா மாவோ. 1972லேயே ஹாங்காங்கில் ‘ஹாப்கிடோ’ படத்தின் நாயகி. ஊரில் முழுப்படத்தைத் தாங்கியவருக்கு ஹாலிவுட் கூட்டுத் தயாரிப்பில் கிடைத்தது ஒரு துரத்தலும் ஒரு தற்கொலையும்.

இன்னும் பின்னால் போங்கள். 1966ல் ஹாங்காங் பட நிறுவனமான ஷா பிரதர்ஸுக்காக இயக்குநர் கிங் ஹூ எடுத்த ‘கம் டிரிங்க் வித் மீ’. கடத்தப்பட்ட அண்ணனை மீட்க ஆளுநரின் மகள் கோல்டன் ஸ்வாலோ ஆண் உடையில் புறப்படுகிறாள். சத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கொள்ளையர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வளைக்கிறார்கள். அவளிடம் பதற்றமே இல்லை. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அவளாக நடித்த செங் பெய்-பெய்க்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். நடனம் கற்றவர். கிங் ஹூ சண்டையின் தாளத்தைச் சீன இசைநாடக மேடையிலிருந்து எடுத்துக்கொண்டவர். அந்த மேடையில் ஆயுதமேந்திப் போரிடும் பெண் வேடம் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் ஒரு பெண் வாளெடுத்ததற்குப் படத்தில் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பிற்பகுதியில் கதை குடிகார வீரன் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது உண்மைதான். எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

அப்புறம் நடந்ததுதான் எனக்குக் கோபம் தருவது. 1967ல் இயக்குநர் சாங் சேயின் ‘ஒன்-ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்’ பெரும் வெற்றி பெற்றது. ரத்தம், நட்பு, ஆண்களின் வீர மரணம் இவையே அவர் உலகம். மறு ஆண்டு அதே செங் பெய்-பெய்யை வைத்து அவர் எடுத்த படத்துக்குப் பெயரே ‘கோல்டன் ஸ்வாலோ’. ஆனால் படம் முழுக்க நடிகர் ஜிம்மி வாங் யூவுக்குச் சொந்தம். தலைப்பில் இருக்கிற பெண், தன் கதையிலேயே விருந்தாளி மாதிரி நிற்கிறாள். சாங் சே பெரிய கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ‘அந்தக் காலம்’ என்று நினைக்கிற ஆண்களின் உலகத்தைக் கட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இருந்த இடத்தைத்தான் பெண்கள் பறிகொடுத்தார்கள்.

முழுசாகவும் பறிபோகவில்லை. ஹாங்காங் திரைப்பட விருதுகள் 1982ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது சிறந்த நடிகை விருது ஒரு குங்ஃபூ படத்துக்குத்தான் போனது: லாவ் கார்-லியூங் இயக்கிய ‘மை யங் ஆன்ட்டி’யில் நடித்த காரா வாய்க்கு.

1966 படத்தையும் 1968 படத்தையும் அடுத்தடுத்து பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.