தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆங்கிலிக்கன் கோவில் ஒன்றில் கத்தோலிக்கத் திருப்பலியும் நடத்தலாமா?

நடத்தலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 933, தக்க காரணம் இருந்தால் இதற்கு இடம் தருகிறது. டர்பன் பேராயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். சபைகள் ஒரே கோவிலைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் இங்கிலாந்தின் 1969ஆம் ஆண்டுக் கட்டடப் பகிர்வுச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. அதனால் காப்பீடு, மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் எழுத்து ஒப்பந்தமாகவே இருக்கட்டும்.

பெரும்பாலும் மனத்தாங்கல் வருவது, திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை வைத்துக் காக்கும் நற்கருணைப் பேழையில்தான். இரு சபையாரின் அப்பமும் ஒரே பேழையில் இருக்கக் கூடாது. கத்தோலிக்கருக்கெனத் தனி அறையிலோ பக்கப் பீடத்திலோ அசையாமல் பொருத்திய, பூட்டுள்ள பேழை வேண்டும். அருகே அணையா விளக்கு, சாவி பங்குத்தந்தையிடம். இதை முடிக்காமல் முதல் திருப்பலியைத் தொடங்கவே வேண்டாம்.

ஞாயிறு காலை நெரிசல் என்றால் சனி மாலைத் திருப்பலி போதும், ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடன் நிறைவேறிவிடும். புனித வெள்ளி பிற்பகல் 3 மணியையும் பாஸ்கா இரவையும் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு) இரு தரப்பும் கேட்கும். தவக்காலத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.