தைராய்டு மாத்திரையும் தீராத சோர்வும்

கேள்வி: எனக்கு வயது 42. தைராய்டு குறைவுக்கு மூன்று ஆண்டுகளாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிடுகிறேன். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருந்தும் சோர்வு தீரவில்லை. இரவில் பாதங்கள் மரத்துப்போகின்றன. வைட்டமின் பி12 குறைவு என்கிறது இரத்தப் பரிசோதனை. தைராய்டுதான் இதற்கும் காரணமா?

பதில்: நேரடிக் காரணம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். தைராய்டு குறைவுள்ள பலருக்கு அடிப்படையாக இருப்பது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அவர்களில் சிலருக்கு அதே தாக்குதல் இரைப்பையின் உட்சுவரிலும் நிகழ்வதால், உணவிலுள்ள பி12-ஐக் குடல் உறிஞ்சிக்கொள்ளத் தேவையான புரதம் போதிய அளவு சுரப்பதில்லை. நீங்கள் சைவ உணவு உண்பவராகவோ, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்பவராகவோ இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பி12 குறைவு நீடித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும் என்பதால், பாதம் மரத்துப்போவதை வயதின் கோளாறு என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசியா, மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வைட்டமின் டி குறைவும் ஹாஷிமோட்டோ நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் விவாதத்தில்தான் உள்ளது.

சத்து மாத்திரைகள் தொடங்கினால் ஓர் எச்சரிக்கை. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்ஸின் சாப்பிட்டால், கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் 10 மணிக்கு முன் தொடாதீர்கள். அவை மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். முடி உதிர்வுக்குப் பலரும் விழுங்கும் பயோட்டின், சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்கள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.