பாவை விளக்கும் தோள்சீலையும்

அன்புள்ள அக்கா,

ஊர் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். சென்னையில் சிற்பம் படிக்கிறேன். பெண்மை, அடையாளம், நம் மரபு மூன்றையும் சேர்த்து இறுதியாண்டுக்கு ஒரு சிற்பத் தொடர் செய்கிறேன். திருவட்டாறு கோயில் தூண்களில் உள்ள பாவை விளக்குச் சிலைகள்தான் மாதிரி, கையில் விளக்கோடு இன்றைய பெண்கள். கல் பழசு, ஃபைபரில் செய் என்கிறார்கள். கல்லை விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

கல்லா ஃபைபரா என்பதை உன் கையும் காசும் முடிவு செய்யட்டும். 'நம் மரபு' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய், அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடுவதும் அதுதான்.

திருவட்டாறு பிரகாரத்தில் விளக்கேந்தி நிற்கும் பெண்களை நானும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை, என்ன அழகு! மார்பில் ஆரமும் மணியும் உண்டு, துணி இல்லை. என் பாட்டி அந்தத் தூண்களைக் கடக்கும்போதெல்லாம் மேல்முண்டை இழுத்து விட்டுக்கொள்வாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது, "நம்மளயும் ஒருகாலத்துல இப்பிடித்தான் நிக்கச் சொன்னானுவ" என்றாள்.

மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைத்துத் தோள்சீலை, அதாவது மேல்துணி, போட்ட நாடார் பெண்களைத் தெருவில் மறித்துத் துணியைக் கிழித்த ஊர் இது. 1859 ஜூலை 26-ல்தான் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதுவும் முழுதாகக் கொடுத்துவிடவில்லை: முக்குவத்திகளை, அதாவது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. கோயிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உன் வீட்டுப் பெண்கள் அப்போது அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றார்களா, மதிலுக்கு வெளியே நின்றார்களா? வீட்டில் கேட்டிருக்கிறாயா? கேட்காமல் விளக்கைத் தூக்கி இன்றைய பெண் கையில் கொடுத்து அடையாளம் என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம் மக்ளே. கோபமாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குக் கை இருக்கிறது. நீ அனுப்பிய படங்களில் அந்தக் களிமண் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

பழசையெல்லாம் தூக்கி எறி என்று சொல்லவில்லை. சிதறால் மலைக்குப் போ. குணந்தாங்கி குரத்தி என்ற சமணப் பெண்துறவி அங்குள்ள அம்மனுக்குப் பொன் ஆபரணம் கொடுத்ததை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதுவும் இதே மாவட்டம்தான்.

அப்புறம், லீவுக்கு வரும்போது கல் கொத்தும் ஊரான மயிலாடியில் ஏதாவது ஒரு சிற்பப் பட்டறையில் போய் உட்கார். இடுப்புக்குக் கீழே சேலை மடிப்பு எல்லோரும் கொத்துவார்கள்; தோளில் கிடக்கும் துணியைக் கொத்திக் காட்டச் சொல், பக்கத்தில் இருந்து பழகு. கல்லில் வரவில்லையா, ஃபைபரிலேயே செய். ஆனால் பார்க்கிறவனுக்கு அது முரட்டுத் துணி என்று தெரிய வேண்டும்.