பிளாட்டிபஸ் கண்ணை மூடிக்கொண்டே எப்படி இரை பிடிக்கிறது?

பிளாட்டிபஸ், கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் ஆறு, ஓடைகளில் வாழும் பாலூட்டி. முட்டையிடும், குட்டிக்குப் பாலும் கொடுக்கும். தண்ணீரில் முங்கியதும் கண், காது, மூக்கு மூன்றையும் இறுக மூடிக்கொள்ளும். அதன்பின் வேட்டை முழுக்க அலகின் பொறுப்பு.

எந்த உயிர் அசைந்தாலும் அதன் தசையில் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கும். தண்ணீர் அதைக் கடத்தும். பிளாட்டிபஸின் அலகில் இதை உணரும் நுண்புள்ளிகள் சுமார் 40,000 இருக்கின்றன. தலையை இடமும் வலமுமாக ஆட்டியபடியே நீந்தும். எந்தப் பக்கம் அந்தத் துடிப்பு வலுவாகத் தெரிகிறதோ அங்கே திரும்பும். கரண்ட் போன இரவில் கொசு எந்தக் காதுப் பக்கம் பாடுகிறது என்று நமக்குத் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதுபோல. நம் அடி குறி தப்புவது வேறு கதை!

பிடித்த புழு, இறாலைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மேலே வந்துதான் அரைக்கும். வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது.

1799-ல் இதை முதலில் அறிவியல் முறையில் விவரித்த ஜார்ஜ் ஷாவுக்கே, யாரோ ஒரு விலங்கின் உடலில் வாத்து அலகை ஒட்டவைத்த மோசடியோ என்று சந்தேகம் வந்தது. இன்றும் பலர் பிளாட்டிபஸின் அலகை வாத்து அலகு போன்றது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது கெட்டியான அலகே இல்லை, ரப்பர் போல மெத்தென்று வளையும் தோல்.